தேவனாம்பட்டினம் சாலையில் ஆளற்றுக் கிடக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பு: அதைக் காலியாக்கியது தானே புயல்தானா?

#1 கெடிலக்கரை

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போகிறவர்கள் அந்தக் கட்டடத்தைப் பார்க்காமல் போயிருக்க முடியாது. தரைத்தளமும் அதன் மேல் மூன்று மாடிகளுமாக, தளத்துக்கு நான்கு வீதம் 16 வீடுகள். உரிமையாளர்கள் இன்னும் இருக்கிறார்கள், அவர்களுக்குள் தீராத சிக்கல்களும் இருக்கின்றன என்பதால் கட்டடத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. பள்ளி நாள்களில் அவ்வழியே மிதிவண்டியில் போகும்போது மாடிகளில் துணி காய்ந்ததையும், மாலையில் நான்கு தளங்களிலும் விளக்கு எரிந்ததையும் கண்டிருக்கிறேன். இப்போது மொட்டை மாடியின் கைப்பிடிச் சுவரில் வேரூன்றிய அரசங்கன்று இரண்டாம் மாடி வரை வேர் இறக்கியிருக்கிறது.

ஊரில் யாரைக் கேட்டாலும் "தானே புயலில் போன கட்டடம்" என்ற ஒரே பதில்தான் வருகிறது. எனக்கு அது போதவில்லை. அங்கிருந்து சற்றுத் தொலைவில்தான் புனித டேவிட் கோட்டையின் மிச்சங்கள் இருக்கின்றன. 1690இல் ஆங்கிலேயர் அந்தக் கோட்டையை மராட்டியரிடம் விலைக்கு வாங்கியபோது, பீரங்கிக் குண்டு போய் விழுந்த தூரம் வரையுள்ள ஊர்களும் அவர்களுக்குச் சேர்ந்தன. குண்டு உப்பலவாடி, குண்டுசாலை என்று அந்தக் குண்டு இன்றும் நம் ஊர்ப் பெயர்களில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 1758இல் பிரெஞ்சுத் தளபதி லாலி கோட்டையைப் பிடித்து இடித்தார். 260 ஆண்டுகளுக்கு முன் விழுந்த கோட்டைக்கு ஆண்டும் காரணமும் சொல்ல முடிகிறது. நம் கண் முன்னே குடியிருந்து காலியான 16 வீடுகளுக்கு அவை தெரியவில்லை என்பது என்னை நெடுநாளாக உறுத்திக்கொண்டிருந்தது.

சென்ற மாதம், தரைத்தளத்தில் ஒரு வீட்டுக்கு உரிமையாளரான மூத்த அம்மையார் ஒருவரைத் தெரிந்தவர் வழியாகத் தேடிக் கண்டேன். அவர் அனுமதி தந்து, உறவினர் ஒருவரையும் உடன் அனுப்பினார். காலை 7 மணிக்கு உள்ளே போய் 9 மணிக்குள் வெளியே வந்துவிட்டோம்.

தேக்குக் கதவுகளையும் நிலைகளையும் சன்னல் கம்பிகளையும் மின்கம்பிகளையும் எப்போதோ பெயர்த்துக் கொண்டுபோய்விட்டார்கள். எடுக்க முடியாதவை மட்டும் எஞ்சியிருக்கின்றன: சமையலறையில் கடப்பா கல் மேடை, அதன் மேல் பரண், கூடத்தில் மொசைக் தரை. அந்தத் தரையை ஈரத்துணியால் ஓரடி அகலத்துக்குத் துடைத்துப் பார்த்தேன். பச்சையும் வெள்ளையுமான சில்லுகள் நேற்று மெருகிட்டவை போல மின்னின. அதே அறையில் நிமிர்ந்து பார்த்தால் பூச்சு முழுவதும் உதிர்ந்து, காங்கிரீட்டும் பெயர்ந்து, துருப்பிடித்த கம்பிகள் பாய்ப் பின்னல் போலத் தெரிகின்றன. காலடியில் இருப்பதும் தலைக்கு மேல் இருப்பதும் ஒரே வீட்டைச் சேர்ந்தவை என்று நம்புவதே கடினமாக இருந்தது.

முதல் மாடி வரை படிகள் உறுதியாக இருந்தன. இரண்டாம் மாடியில் மழை விழும் பக்கத்துச் சன்ஷேட் முழுதாக உடைந்து கீழே கிடந்தது. மூன்றாம் மாடிப் படியின் திருப்பத்திலேயே நின்றுகொண்டோம். அங்கே கூரையின் ஒரு பகுதி கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது.

நான் எழுத விரும்பிய முக்கியமான செய்தி படிக்கட்டின் அடியில் இருந்தது. அங்கே இரும்புக் கதவு போட்ட பலகையில் மின்மானிகள் இருந்த 17 இடங்கள் உள்ளன. 16 வீடுகளுக்கு 16. கிணற்று மோட்டாருக்கும் படிக்கட்டு விளக்குக்குமான பொது இணைப்புக்கு ஒன்று. மின்வாரியத்தார் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வந்து கணக்கெடுத்து எழுதும் வெள்ளை அட்டைகளைப் பலரும் பாலித்தீன் உறையில் போட்டு அங்கேயே செருகி வைத்திருந்தார்கள். அவற்றில் 11 இன்னும் படிக்கும் நிலையில் உள்ளன. எதையும் எடுக்கவில்லை, படம் மட்டும் பிடித்துக்கொண்டோம். எழுத்து மங்கியிருப்பதால் பொறுமையாகப் படித்துவிட்டு இங்கே எழுதுகிறேன்.

அதற்குள், இந்தக் கட்டடத்தை அறிந்தவர்கள் தங்களுக்கு நேரில் தெரிந்ததை எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

#2 உப்பங்காற்று

ஐயம் எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. 2011 டிசம்பர் 30 விடியற்காலை தானே கரையைக் கடந்தது கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையில். மணிக்கு 140 கிலோமீட்டர் வேகக் காற்றை நம்மில் யாரும் அதற்கு முன் பார்த்ததில்லை. பண்ருட்டிப் பக்கம் தலைமுறை தலைமுறையாக நின்ற பலா மரங்களும் முந்திரித் தோப்புகளும் ஒரே காலையில் சாய்ந்தன. பல நாள்கள் மின்சாரம் இல்லை, தண்ணீர் இல்லை. கடலுக்கு இவ்வளவு அருகில் நின்ற நான்கு தளக் கட்டடம் அதைத் தாங்கியிருந்தால்தான் வியப்பு. மறுநாள் நான் அவ்வழியே போனேன். மொட்டை மாடித் தொட்டியின் மூடி சாலையில் கிடந்தது. சன்னல்களில் ஒரு கண்ணாடியும் இல்லை. அதன் பிறகு அங்கே குடும்பங்கள் இருந்ததாக எனக்கு நினைவில்லை.

#3 காரைப்பூச்சு

முதலில் ஒரு வேண்டுகோள். கெடிலக்கரை அனுமதியோடும் துணையோடும் போனார், மூன்றாம் மாடிக்கு ஏறாமல் நின்றார். படங்களைப் பார்த்துவிட்டு அங்கே போக நினைப்பவர்கள் அந்த இரண்டையும் மனத்தில் வைக்க வேண்டும். தொங்கும் காங்கிரீட் துண்டு எப்போது விழும் என்று 30 ஆண்டுகள் கட்டுமானத் தொழிலில் இருந்த என்னாலும் சொல்ல முடியாது. 2021 டிசம்பர் 27 அன்று திருவொற்றியூரில் 24 வீடுகள் கொண்ட குடியிருப்பு இடிந்தபோது உயிர்ச்சேதம் இல்லாமல் போனது, விரிசலைக் கண்டவர்கள் உடனே எல்லாரையும் வெளியேற்றியதால்தான். ஆளற்ற கட்டடத்தில் அப்படிக் குரல் கொடுக்க யாரும் இருக்க மாட்டார்கள்.

இனிப் புயலைப் பற்றி. அன்பர் உப்பங்காற்று பார்த்ததை நான் மறுக்கவில்லை. கண்ணாடியை உடைப்பதும் தொட்டி மூடியைத் தூக்குவதும் காற்று செய்யக்கூடியவை. ஆனால் கூரையின் அடிப்பக்கத்தில் கம்பி வெளியே தெரிவது காற்றின் வேலை அன்று. அது பல ஆண்டுகள் மெல்ல நடப்பது.

புதிதாக இட்ட காங்கிரீட் கடுமையான காரத்தன்மை உடையது. அதன் காரத்தன்மை எண் (pH) 12க்கும் மேல் இருக்கும். அந்தக் காரத்துக்குள் இருக்கும்வரை கம்பியின் மேல் மெல்லிய காப்புப் படலம் நிலைத்திருக்கும், துரு ஏறாது. இந்தப் பாதுகாப்பு இரண்டு வழிகளில் கெடும். காற்றிலுள்ள கரியமில வாயு மெல்ல ஊடுருவிக் காரத்தைக் குறைப்பது ஒரு வழி. உப்பிலுள்ள குளோரைடு நேரே கம்பியை அடைந்து படலத்தைத் துளைப்பது இன்னொரு வழி. கடற்கரையில் இரண்டும் சேர்ந்தே நடக்கும். துரு, தான் உருவான இரும்பைப் போல இரண்டு முதல் ஆறு மடங்கு வரை இடம் கேட்கும். அந்த இடத்துக்காகவே அது காங்கிரீட்டைப் பிளந்து தள்ளுகிறது. பிளந்த வழியாக மழையும் உப்பங்காற்றும் இன்னும் எளிதாக உள்ளே போகும்.

1980களில் கட்டிய இந்தக் கட்டடத்துக்கு இதைத் தாங்கும் தற்காப்பு குறைவு. 1978ஆம் ஆண்டு இந்தியத் தர விதி கம்பி போட்ட காங்கிரீட்டுக்கு எம் 15 என்ற வலிமைத் தரத்தையே குறைந்த அளவாக வைத்திருந்தது. சாதாரணத் தளங்களில் கம்பிக்கு மேல் 15 மில்லிமீட்டர் கவர், அதாவது கம்பியை மூடும் காங்கிரீட், இருந்தால் போதும் என்றது. 2000ஆம் ஆண்டு திருத்திய விதி கடற்கரைச் சூழலுக்கு எம் 30 தரமும் 45 மில்லிமீட்டர் கவரும் வேண்டும் என்கிறது. அந்த நாளில் கவர் கட்டைக்குப் பதிலாகச் சிறு ஜல்லியைக் கம்பிக்கு அடியில் வைத்துத் தளம் போட்டதை நானே பார்த்திருக்கிறேன். ஆள் மிதிக்கும்போது ஜல்லி நகர்ந்துவிடும், கம்பி சென்ட்ரிங் பலகையிலேயே படிந்துவிடும். படத்தில் கம்பியின் கீழ் விளிம்பு கூரையோடு ஒட்டித் தெரிவதைப் பார்த்தால் இங்கேயும் அப்படித்தான் நடந்திருக்க வேண்டும்.

பக்கத்திலிருக்கும் கோட்டைச் சுவர் செங்கல்லும் சுண்ணாம்பும். துருப்பிடிக்க அதற்குள் கம்பி இல்லை. அது இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக உப்பங்காற்றில் நிற்பதற்கு அதுவே பெரிய காரணம்.

#4 பழைய குடி

நான் அந்தக் கட்டடத்தின் இரண்டாம் மாடியில் 1987 முதல் 2006 வரை குடியிருந்தவள். என் பிள்ளைகள் இருவரும் அங்கேதான் வளர்ந்தார்கள். கெடிலக்கரை துடைத்துக் காட்டிய பச்சை மொசைக், அமைப்பைப் பார்த்தால், எங்களுக்கு நேர்கீழ் வீட்டுடையதாக இருக்கலாம். எங்கள் கூடத்தில் சிவப்பும் மஞ்சளும் இருந்தன.

எங்களுக்கு முன் கடலூரில் மாடி வீட்டில் குடியிருப்பது பெரும்பாலும் அரசுக் குடியிருப்புகளில் வசித்த ஊழியர்களின் வாழ்க்கையாக இருந்தது. சொந்தமாக மாடியில் ஒரு வீடு வாங்குவது புதியது. "தரையில்லாத வீட்டுக்கு யாராவது பணம் கொடுப்பார்களா" என்று என் மாமனார் கேட்டார். தாலுகா அலுவலகம், பள்ளிக்கூடம், வங்கி, நெய்வேலி என்று பல இடங்களில் வேலை பார்த்தவர்கள் சேர்ந்து வாங்கினோம். முதல் பத்து ஆண்டுகள் மிக நல்ல ஆண்டுகள். பொங்கலன்று மொட்டை மாடியில் 16 வீட்டுக்கும் சேர்த்து ஒரே பானையில் பொங்கல் வைப்போம். கோடையில் இரவு உணவை எடுத்துக்கொண்டு மாடிக்கே போய்விடுவோம்.

சிக்கல் அந்த மொட்டை மாடியில்தான் தொடங்கியது. தளத்தின் மேல் சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் இட்டுத் தட்டோடு பதித்திருந்தார்கள். பத்தாம் ஆண்டிலேயே ஓடுகளின் இணைப்பு விட்டு மழைநீர் இறங்கியது. மூன்றாம் மாடி நான்கு வீட்டுக்காரரும் ஓட்டைப் பெயர்த்துப் புதிதாகப் பதிக்க வேண்டும் என்றார்கள். கீழ்த்தளத்தார் சிலர், "எங்கள் வீட்டில் ஒழுகவில்லையே, நாங்கள் ஏன் பங்கு தர வேண்டும்" என்றார்கள். அந்தக் கூட்டத்தில் நானும் இருந்தேன். என் கணவர் அப்போது சங்கத்தின் பொருளாளர். மொட்டை மாடி எல்லாருக்கும் பொது என்று அவர் எவ்வளவோ எடுத்துச் சொன்னார். முடிவில் மேல் வீட்டார் நால்வரும் தங்கள் செலவில் சிமென்ட் பால் ஊற்றி விரிசலை அடைத்தார்கள். அது இரண்டு மழைக்காலம் கூடத் தாங்கவில்லை.

அதற்குப் பிறகு மூன்றாம் மாடியிலிருந்து ஒவ்வொருவராகப் போனார்கள். யாரும் விற்கவில்லை, ஒழுகும் வீட்டை யார் வாங்குவார்? வாடகைக்கு விட்டார்கள், பிறகு பூட்டிவிட்டுப் போனார்கள். பூட்டிய வீட்டார் பராமரிப்புக் கட்டணம் கட்டுவதை நிறுத்தினார்கள். "நான் தண்ணீரே பயன்படுத்தவில்லையே" என்பது அவர்கள் சொன்ன நியாயம். இருந்தவர்கள் தலையில் சுமை கூடியது.

தண்ணீரும் மாறிக்கொண்டிருந்தது. தொடக்கத்தில் ஆழ்துளைக் கிணற்று நீர் குடிக்கும்படி இருந்தது. பிறகு துவர்த்தது, பிறகு உப்பேறியது. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை தேவனாம்பட்டினத்தை அழித்த காலையில், கெடில ஆற்றின் வழியே ஏறிய கடல்நீர் எங்கள் வளாகத்துக்குள்ளும் வந்து, தரையடித் தொட்டி நிரம்பியது. எங்கள் கட்டடத்தில் ஒருவருக்கும் எதுவும் ஆகவில்லை. மீனவர் குப்பங்களில் நடந்ததற்கு முன் எங்கள் இழப்பைப் பேசவே கூசும். ஆனால் அந்தத் தொட்டியை முழுமையாகக் கழுவி, உள்ளே மறுபூச்சு பூசியிருக்க வேண்டும். இறைத்துவிட்டு மறுபடி பயன்படுத்தினோம். அந்த உப்புநீர் எத்தனை மாதம் மேல்தொட்டிக்கு ஏறியதோ தெரியவில்லை.

பொது மின்கட்டணத்தைக் கட்டப் பணம் போதாத மாதங்களில் என் கணவர் தம் கையிலிருந்து போட்டுக் கட்டினார். எங்களால் முடிந்தவரை செய்தோம் என்று இன்றும் நினைக்கிறேன். 2006 ஜூனில் நாங்களும் வந்துவிட்டோம். மோட்டார் அதன் பிறகும் ஓடியதாகக் கேள்விப்பட்டேன். யார் கட்டணம் கட்டினார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

#5 கெடிலக்கரை

அம்மா, நீங்கள் எழுதியதைப் படித்த பிறகுதான் அட்டைகளில் இருப்பது எனக்குப் புரிந்தது. உங்கள் பதிவுக்கு முன்பே நான் குறித்து வைத்தவற்றை அப்படியே தருகிறேன்.

பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கும் கணக்கெடுப்பவர் வந்து எண்ணை எழுதிவிட்டுப் போவார். ஆள் இல்லாவிட்டால் எண் நகராது. ஒரே எண் அடுத்தடுத்த வரிகளில் வந்துகொண்டிருக்கும். ஆகவே கடைசியாக எழுதிய தேதியைப் பார்க்காமல், எண் நகராமல் நின்ற மாதத்தைப் பார்த்தேன். அதுவே வீடு வெறுமையான மாதம்.

மூன்றாம் மாடியில் மூன்று அட்டைகள் கிடைத்தன: 1999 டிசம்பர், 2001 ஆகஸ்ட், 2003 பிப்ரவரி. இரண்டாம் மாடியில் மூன்று: 2005 பிப்ரவரி, 2006 ஜூன், 2008 ஏப்ரல். நடுவில் இருப்பது உங்கள் வீடாகத்தான் இருக்க வேண்டும். முதல் மாடியில் இரண்டு: 2008 அக்டோபர், 2009 டிசம்பர். தரைத்தளத்தில் இரண்டு: 2011 டிசம்பர், 2015 அக்டோபர். பதினொன்றாவது பொது இணைப்பின் அட்டை; அது 2009 ஆகஸ்டோடு நின்றுவிட்டது.

மேலிருந்து கீழாக, மழைநீர் இறங்கிய வரிசையிலேயே மனிதர்களும் இறங்கிப் போயிருக்கிறார்கள். தானே புயல் வந்தபோது, அட்டை கிடைத்த பத்து வீடுகளில் எட்டு ஏற்கெனவே காலி. புயலோடு போனது ஒரு வீடு. கடைசி வீடு 2015 நவம்பர் வெள்ளத்தோடு போனது.

என் கண் திரும்பத் திரும்பப் போவது அந்தப் பொது இணைப்பு அட்டையின் மேல்தான். 2009 ஆகஸ்டில் மோட்டார் நின்றது, நான்கு மாதத்தில் முதல் மாடியும் காலியானது. அதுவரை பெயருக்காவது அது ஒரு குடியிருப்பாக இருந்தது. பிறகு தரைத்தளத்தில் இருவர் தனித்தனியாக இருந்தார்கள், அவ்வளவுதான்.

#6 உப்பங்காற்று

அட்டைகளின் கணக்கை ஏற்றுக்கொள்கிறேன். புயலுக்கு மறுநாள் உடைந்த சன்னல்களைப் பார்த்த நான், அவற்றின் பின்னால் யாரும் குடியிருக்கவில்லை என்பதைக் கவனிக்கவில்லை. ஆனால் ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். புயலுக்குப் பின் வீட்டைச் சீர்செய்ய ஊரெல்லாம் கொத்தனார் கிடைக்காமல் அலைந்தோம். அப்போது 16 குடும்பமும் அங்கே இருந்திருந்தால் அதையும் சீர்செய்திருப்பார்கள். புயல் கொல்லவில்லை என்றாலும், எழுந்திருக்க ஆளில்லாத நேரத்தில் வந்து அடித்தது என்பதையாவது கணக்கில் சேர்க்க வேண்டும்.

#7 பத்திரத்தாள்

ஆவண எழுத்துத் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் எழுதுகிறேன். "யாரும் விற்கவில்லை, யாரும் இடிக்கவில்லை, ஏன்" என்று கேட்பவர்களுக்கு விடை பத்திரத்தில் இருக்கிறது.

அந்தக் காலத்து அடுக்குமாடி வீட்டுக்குத் தமிழ்நாட்டில் வழக்கமாக இரண்டு காகிதங்கள் இருக்கும். ஒன்று, மனையில் பிரிக்கப்படாத பங்குக்கான கிரயப் பத்திரம். மற்றொன்று, கட்டித் தருபவரோடு செய்துகொண்ட கட்டுமான ஒப்பந்தம். பதிவானது மனைப் பங்கு மட்டுமே. 16 பேருக்கும் மனையில் பங்கு உண்டு; ஆனால் இன்ன சதுர அடி இன்னாருடையது என்று கோடு கிழிக்க முடியாது. கட்டடம் நல்ல நிலையில் இருக்கும்போது இது யாருக்கும் உறைக்காது. கட்டடம் மதிப்பிழந்து மனைக்கு மட்டும் விலை இருக்கும்போதுதான், மற்றவர்கள் ஒப்பாமல் தன் பங்கை வைத்து ஒன்றும் செய்ய முடியாது என்பது தெரியவரும்.

அதற்குள் உரிமையாளர்களில் சிலர் காலமாகிவிடுவார்கள். வாரிசுச் சான்று வாங்கினால் ஒரு பங்கு நான்கு பிள்ளைகளுக்குப் போகும். ஒருவர் சென்னையில், ஒருவர் வெளிநாட்டில். ஒருவர் பங்கின் மேல் வங்கிக் கடன் தீராமல் இருக்கும். வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தால்தான் அது தெரியும். 16 பேரைச் சேர்க்க முடியாதவர்கள், பத்தாண்டு கழித்து 30, 40 பேரைச் சேர்க்க வேண்டியிருக்கும். எல்லாரும் ஒப்பினால்தான் இடிக்கலாம் என்ற நிலையில் மறுப்பவர் ஒருவரே போதும்.

இதைத் தீர்க்கத்தான் 2022ஆம் ஆண்டு தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் வந்தது. 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. உரிமையாளர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் ஒப்பினால் மறுகட்டுமானத்துக்குப் போகலாம் என்று அது வழிவிடுகிறது. 16 வீட்டில் 11. இது தமிழ்நாட்டுச் சட்டம் என்பதால் புதுச்சேரி அன்பர்கள் தங்கள் ஊருக்கும் பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். 11 பேரைக் கண்டுபிடித்து ஒரே அறையில் உட்கார வைக்கும் வேலையைச் சட்டம் செய்யாது. யாராவது ஒருவர் செய்ய வேண்டும்.

#8 முதலியார்பேட்டைவாசி

புதுச்சேரியிலிருந்து எழுதுகிறேன். காரைப்பூச்சு ஐயா சுண்ணாம்புக் கட்டடத்தைப் பற்றிச் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். எங்கள் கடற்கரைச் சாலையில் பிரெஞ்சுக்காரர் 1870களில் கட்டிய நகரமன்றம், நாங்கள் 'மேரி' என்று அழைக்கும் கட்டடம், 2014 நவம்பர் 29 அன்று மழையில் இடிந்து விழுந்தது. அதில் துருப்பிடிக்கும் காங்கிரீட் கூரை இல்லை. நீர் இறங்குவதைத் தடுக்காமல் விட்டால் சுண்ணாம்பும் செங்கல்லும்கூடத் தாங்காது. பிறகு உலக வங்கி நிதியில் பழைய தோற்றத்திலேயே கட்டி 2021இல் திறந்தார்கள். திறப்பு விழாவுக்குப் பின் அதன் முன்னால் நின்றபோது மகிழ்ச்சியும் வருத்தமும் சேர்ந்தே வந்தன. நிற்கும்போதே கூரையைப் பார்த்திருந்தால் அசலே இருந்திருக்கும்.

எங்கள் பகுதியில் இன்னொரு வெறுமையும் உண்டு. கடலூர் சாலையிலுள்ள ஏ.எஃப்.டி. பஞ்சாலை 1898இல் தொடங்கியது. என் தாத்தா அங்கே வேலை பார்த்தவர். தானே புயல் அதன் கூரைகளையும் எந்திரங்களையும் சிதைத்தது; 2020 ஏப்ரல் 30 அன்று நிரந்தரமாக மூடினார்கள். அங்கேயும் கேட்டால் "புயலில் போனது" என்று சிலர் சொல்வார்கள். ஆலை அதற்கு வெகு காலம் முன்பே நலிந்துகொண்டிருந்ததை ஆலைத் தொழிலாளர் குடும்பங்கள் அறியும். எல்லாரும் பார்த்த ஒரு நாள் இருந்தால், யாரும் பார்க்காத பல ஆண்டுகளின் பழியும் அந்த நாளின் மேல் போய் விழுந்துவிடுகிறது.

#9 காரைப்பூச்சு

தனிமடலில் சிலர் கேட்டதற்கு இங்கேயே பதில் எழுதுகிறேன்: இந்தக் கட்டடத்தை இனிக் காப்பாற்ற முடியாது என்றே நினைக்கிறேன். உடைந்த இடத்தில் ஃபினால்ஃப்தலின் கரைசலைத் தெளித்தால் காரம் மிஞ்சியுள்ள காங்கிரீட் இளஞ்சிவப்பாக மாறும்; காரம் போன இடம் நிறம் மாறாது. உப்பின் அளவைத் தனியாகச் சோதிக்க வேண்டும். சோதனை செய்யாமல் முடிவாகச் சொல்வது என் தொழிலுக்கு அழகன்று. ஆனாலும் கம்பி பாதி கரைந்துபோன தளத்தில் பெயர்ந்த இடத்தை மட்டும் பூசி மறைப்பது வீண். பூசிய ஒட்டுக்குப் பக்கத்திலிருக்கும் பழைய காங்கிரீட்டில் துரு இன்னும் விரைவாக ஏறும் என்பதையும் பலர் அறிவதில்லை.

1997, 1998 வாக்கில் அந்தத் தட்டோட்டைப் பெயர்த்துப் புதிதாகப் பதித்து, மழைநீர்க் குழாய்களைச் சுத்தமாக வைத்து, வெளிச்சுவரில் விரிசல் கண்டபோதெல்லாம் அடைத்து வந்திருந்தால், கவர் குறைவாக இருந்தும் இன்னும் 20 ஆண்டுகளாவது தாராளமாகக் கிடைத்திருக்கும். அதே சாலையில், அதே காலத்தில், அநேகமாக அதே மேஸ்திரிகள் கட்டிய தனி வீடுகளில் இன்றும் குடும்பங்கள் இருக்கின்றன.

2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயலின் மழையில் இந்தக் கட்டடமும் நனைந்து ஊறியிருக்கும். ஆகவே உள்ளே யாரும் போகாதபடி உரிமையாளர்கள் வேலியாவது அடைக்க வேண்டும். சாலையோரத்துச் சன்ஷேட்டுகளின் கீழ் மாலையில் சிறுவர்கள் நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

#10 பழைய குடி

கெடிலக்கரை தம்பிக்கு ஒரு கேள்வி. நாங்கள் போனது 2006 ஜூன். பொது இணைப்பு நின்றது 2009 ஆகஸ்ட். நடுவில் மூன்று ஆண்டுகளுக்கு மேல் அந்தக் கட்டணத்தைக் கட்டியவர் யார்? என் கணவர் இப்போது இல்லை. கணக்கு நோட்டை யாரிடம் கொடுத்துவிட்டு வந்தோம் என்பதுகூட எனக்கு நினைவில்லை. வேலி அடைக்கவோ, உரிமையாளர்களைக் கூட்டவோ முயன்றால் என் முகவரிப் புத்தகத்திலுள்ள பழைய பெயர்களைத் தருகிறேன். ஒன்பது பேரையாவது கண்டுபிடித்துவிடலாம்.

#11 கெடிலக்கரை

அம்மா, உங்கள் கேள்வியை எடுத்துக்கொண்டு, எனக்கு அனுமதி தந்த தரைத்தள அம்மையாரை மறுபடியும் போய்ப் பார்த்தேன். அவர் இப்போது புதுச்சேரியில் மகள் வீட்டில் இருக்கிறார். உங்கள் கணவரின் கணக்கு நோட்டு அவரிடம்தான் இருக்கிறது. நீங்கள் புறப்பட்ட நாளன்று அவரே அதை அந்த அம்மையார் கையில் கொடுத்தாராம்.

அந்த நோட்டில் 2006 ஆகஸ்டிலிருந்து எழுத்து மாறுகிறது. அதற்குப் பிறகு 2009 ஆகஸ்ட் வரை பொது மின்கட்டணம் முழுவதையும் கட்டியவர் அந்த அம்மையார்தான். ரசீதுகளை நோட்டின் நடுவே ஊசியால் குத்தி வைத்திருக்கிறார். சில மாதங்களில் முதல் மாடியிலிருந்து நூறு, இருநூறு வந்ததாகக் குறிப்பு இருக்கிறது. மேலே பூட்டிக் கிடந்த வீடுகளின் பெயர்களை ஒவ்வொரு முறையும் எழுதி, எதிரே தொகை எழுதும் இடத்தைக் காலியாக விட்டிருக்கிறார். ஒருமுறைகூட அந்தப் பெயர்களை எழுதாமல் விடவில்லை.

ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டேன். 2009 ஆகஸ்டில் மோட்டார் எரிந்துவிட்டது. காயில் (கம்பிச்சுருள்) கட்ட 4,800 ரூபாய் ஆகும் என்று பழுதுபார்ப்பவர் சொன்னார். 16 வீட்டுக்கும் பிரித்தால் வீட்டுக்கு 300 ரூபாய். அவர் 15 பேருக்கும் கடிதம் எழுதினார். மூவர் பணம் அனுப்பினார்கள். இரண்டு மாதம் காத்திருந்துவிட்டு அந்த மூவருக்கும் பணவிடை மூலம் திருப்பி அனுப்பினார். பிறகு தம் வீட்டுப் பக்கத்தில் ஒரு கைப்பம்பு போட்டுக்கொண்டு 2015 வெள்ளம் வரை அங்கேயே இருந்தார்.

நீங்கள் தரும் ஒன்பது பெயர்களோடு இந்த நோட்டிலுள்ள முகவரிகளையும் சேர்த்தால் 13 குடும்பங்களைத் தேடலாம். முதற்கடிதத்தில் வேலியைப் பற்றி மட்டும் எழுதலாம் என்று அம்மையார் சொல்கிறார். பத்திரத்தாள் ஐயா வாசகத்தைப் பார்த்துத் தர வேண்டும். கடிதத்தில் தம் கையெழுத்தோடு உங்கள் கையெழுத்தும் இருக்க வேண்டும் என்று அவர் விரும்புகிறார். வரும் ஞாயிறு உங்களை அழைத்துவரச் சொல்லியிருக்கிறார்; நோட்டை உங்களிடம் அன்றே தருவதாகவும் சொன்னார்.